நடை அடைக்கும் முன்னே: திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள்

லீவு நெருங்கினால் வருகிற கேள்விகளில் பாதி திருவனந்தபுரம் பற்றித்தான். களியக்காவிளை தாண்டினால் ஒரு மணி நேரம், போக்குவரத்து நெரிசல் இருந்தால் ஒன்றரை. ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் எத்தனையோ தடவை போய் வந்தவர்கள்தான் நாம். ஊர் பார்க்கவென்று போனவர்கள் குறைவு. இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முட்டு வலி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும். பத்மநாபசுவாமி கோயில், குதிரை மாளிகை, மியூசியம், மிருகக்காட்சி சாலை, ஆற்றுகால், சங்குமுகம், கோவளம் எல்லாம் பார்க்க வேண்டும். எப்படிப் போவது? (தக்கலை)

முதல் மூன்றை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அடித்துவிடுங்கள். வயதானவர்களோடு ஏழு இடம் என்றால் ஏழு வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சமாகும்.

அந்த ஊரில் தூரத்தை வைத்துத் திட்டம் போடக் கூடாது, நடை திறக்கும் நேரத்தை வைத்துப் போட வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலில் நாள் முழுக்கத் தொடர்ந்து தரிசனம் கிடையாது. பூஜைகளுக்கு நடுவே விட்டு விட்டுத்தான் உள்ளே விடுவார்கள். காலையில் 8.30-ஐ ஒட்டித் தொடங்கும் தரிசனம்தான் கொஞ்சம் நீளமானது. பகல் 12-க்கு நடை அடைத்தால் மாலை 5 மணிக்குத்தான். ஆகவே எட்டு மணிக்கு வரிசையில் நிற்கிற மாதிரி தக்கலையில் கிளம்புங்கள். பஸ்ஸில் வந்தால் தம்பானூரில் இறங்கி, கோயில் இருக்கிற ‘கிழக்கே கோட்டை’ பகுதிக்கு ஒரு கிலோமீட்டர்தான். அம்மாவுக்காக ஆட்டோ பிடியுங்கள். வழியில் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்வது ராணுவம்.

உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். அனந்தசயனம் 18 அடி நீளம். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த 12,008 சாளக்கிராமங்களை வைத்து, கடுசர்க்கரை யோகம் என்ற கலவையால் செய்த திருமேனி. ஒரே பார்வையில் முழுசாகத் தெரியாது. முதல் வாசலில் முகமும், தொங்கும் வலது கைக்குக் கீழே சிவலிங்கமும், நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மா, மூன்றாவதில் திருவடி. பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள், காவலர் நகரச் சொல்வார். முதல் வாசலில் அந்தக் கையைத் தேடிப் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் போகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நிற்பது ஒற்றைக்கல் மண்டபம், 20 அடி சதுரமான ஒரே பாறை. அதன் மேல் விழுந்து கும்பிடும் உரிமை திருவிதாங்கூர் அரசருக்கு மட்டும்தான் என்பது மரபு, நமக்கு நின்ற கும்பிடுதான். 108 திவ்யதேசங்களில் ஒன்று இது. நம்மாழ்வார் பாடிய தலம் என்பதால் பாசுரம் தெரிந்தவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

வெளியே வந்ததும் குளத்துக்கு அருகில் மேத்தன் மணி என்ற கடிகாரம். மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் உள்ள ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். நேரம் பார்த்து நின்றால் பெரியவர்களுக்கும் சிரிப்பு வரும். பக்கத்திலேயே குதிரை மாளிகை. திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் கட்டியது, கூரையைத் தாங்கும் மரத்தில் 122 குதிரைகள். அங்கேயும் மத்தியானம் இடைவேளை உண்டு, அதனால் கோயில் முடிந்த கையோடு போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எம்.ஜி. ரோடு வழியாக மியூசியம் போகும் பஸ் ஏறுங்கள். தலைமைச் செயலகம், பல்கலைக்கழகக் கல்லூரி, பாளையம் எல்லாம் ஜன்னல் வழியாகவே வந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் நடத்தியது அந்தக் கல்லூரியில்தான். நேப்பியர் மியூசியம் 1880-ல் முடிந்த கட்டடம், ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. உள்ளே இருக்கிற வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு அண்ணாந்தும் பாருங்கள், கூரை வரைக்கும் வண்ணப்பட்டை. மாலை ஐந்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அம்மா நடக்க முடியாவிட்டால் தோட்டத்து மரத்தடியில் உட்காரட்டும், அதுவே ஒரு சுகம்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். அப்புறம் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (மார்த்தாண்டம்)

நிறைய இருக்கிறது, வாசலில் நின்றே. கிழக்குக் கோபுரம் ஏழு நிலை, நம் பாண்டிய நாட்டுக் கோபுரம் மாதிரி. கேரளத்தில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் போனால், மறையும் சூரியன் அந்தக் கோபுரத்தின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் மாறி மாறித் தெரியும். அதைப் பார்க்கக் கூட்டம் தெருவில்தான் நிற்கும், யாரும் மதம் கேட்க மாட்டார்கள். குதிரை மாளிகை எல்லோருக்கும் உண்டு. பாளையத்தில் சூசையப்பர் பேராலயமும் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இன்னொரு அரைநாள் கிடைத்தால் ஊருக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்து பற்றிச் சொன்னவர் இவர்தான். பிள்ளை 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருவனந்தபுரத்தின் கதையில் பாதி இந்தக் கோட்டைக்குள் நடந்ததுதான்.

கல்லூரித் தோழிகள் ஐந்து பேர். சுடிதாரோடு கோயிலுக்குள் போகலாமா? (களியக்காவிளை)

அப்படியே போக முடியாது. சேலை, அல்லது பாவாடை தாவணி. சுடிதார்தான் என்றால் அதன் மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் விடுவார்கள், வாசல் கடைகளில் கிடைக்கும். 2016 கடைசியில் சுடிதாரை அனுமதித்து உத்தரவு வந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் போய்ப் பழைய வழக்கமே திரும்பிவிட்டது. ஆண்கள் வேட்டி மட்டும், சட்டை கூடாது. செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும், ஐந்து பேரும் எங்கே கூடுவது என்று முன்பே பேசிவிட்டுப் போங்கள்.

எனக்குக் கடை லீவு திங்கட்கிழமைதான். பரவாயில்லையா? (நாகர்கோவில்)

வேறு நாளே கிடையாதா? திங்களன்று மியூசியம், மிருகக்காட்சி சாலை, குதிரை மாளிகை எல்லாவற்றுக்கும் விடுமுறை. புதனன்றும் மியூசியம் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும். திங்கள்தான் என்றால் காலையில் பத்மநாபரும் ஆற்றுகால் பகவதியும், பிறகு சாலைக் கடைவீதி, மாலையில் சங்குமுகம் கடற்கரை. ஆற்றுகாலம்மையைக் கண்ணகி என்றே நம்புகிறார்கள்; மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இங்கே தங்கினாள் என்பது தலக்கதை. மாசியில் பொங்காலை நாளன்று மட்டும் ஊர் பார்க்கப் போகாதீர்கள். ரோடெல்லாம் அடுப்பு.

செங்கோட்டையிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா? (செங்கோட்டை)

முடியும், ஆனால் மலை இறங்கி ஏறுகிற ரோடு. ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாகப் போக மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நீங்கள் மற்றவர்களைப் போல எட்டரை மணி தரிசனத்துக்கு ஓடாதீர்கள். நெடுமங்காட்டில் இறங்கிக் கோயிக்கல் அரண்மனையைப் பாருங்கள். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாலுகெட்டு வீடு, உள்ளே பழைய நாணயங்களும் நாட்டுப்புறப் பொருட்களும். பிறகு மியூசியம், அதன்பின் மாலை 5 மணிக்குக் கோயில். திரும்பும்போது மலையில் இருட்டிவிடும், சொந்த வண்டி என்றால் பழகிய ஓட்டுநர் வேண்டும்.

கோவளம் இல்லாமல் போய் என்ன பிரயோஜனம் என்கிறான் பையன். (குழித்துறை)

கன்னியாகுமரிக் கடலும் முட்டமும் வைத்துக்கொண்டு கடல் பார்க்கத் திருவனந்தபுரம் போகிறவர்களை நான் தடுப்பதில்லை, சிபாரிசும் செய்வதில்லை. சொந்தக் காராக இருந்தால் ஒரு வழி உண்டு. மியூசியத்தை நாலு மணிக்கு முடித்துவிட்டு பைபாஸைப் பிடித்தால் கோவளம் திருப்பம் வழியிலேயே வரும். அஸ்தமனம் பார்த்துவிட்டு அதே பைபாஸில் காரோடு வரை வந்து களியக்காவிளைக்குத் திரும்பலாம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலில் மாட்ட வேண்டாம். பஸ்ஸில் என்றால் விட்டுவிடுங்கள்.

ரயிலில் எந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுப்பது? இப்போது மூன்று பெயர் வருகிறதே. (இரணியல்)

சென்ட்ரல். அதுதான் தம்பானூர். கொச்சுவேளியை நார்த் என்றும் நேமத்தை சவுத் என்றும் மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதே நாளில் பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்க்கலாமா? வழியில்தானே இருக்கிறது. (கன்னியாகுமரி)

சேர்க்காதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். திருவனந்தபுரத்துக்கு முந்தின தலைநகர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைநகர் வடக்கே போனது. 1956-ல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு வந்தது, அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில். அதைத் திரும்பும் வழியில் அரைமணியில் முடிக்க நினைப்பது அநியாயம். கடைசி டிக்கெட்டை மாலையில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், அங்கேயும் திங்கள் லீவு.

தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திருப்பிய பக்கமே நிற்கும். மேலே மந்திரசாலையின் தரை கறுப்புக் கண்ணாடி போல இருக்கும்: சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து தேய்த்தது. குனிந்து பார்த்தால் ஜன்னல் அழி தரையில் தெரியும். தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று, அதில் விரல் நுழையாத இடத்திலெல்லாம் பூ வேலை. பள்ளிச் சுற்றுலாக் கும்பல் வருவதற்கு முன், திறந்தவுடனே போய்விடுங்கள்.

வாங்கி வர என்ன இருக்கிறது? (கருங்கல்)

சாலைக் கடைவீதியில் ஏத்தங்காய் சிப்ஸ், எண்ணெயிலிருந்து எடுக்கிற சூட்டோடு. அந்தக் கடைவீதியை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ், நம் விளவங்கோடு பக்கத்துக்காரர்.

கசவு, அதாவது ஜரிகைக் கரை வைத்த துணி, வேண்டுமென்றால் ஊருக்குள் வாங்காமல் பாலராமபுரத்தில் இறங்குங்கள். அரசர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர்களின் தறிகள் அங்கே. குழித்தறி; நெசவாளி தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிப்பார், ஓடத்தைக் கையாலேயே எறிவார். துணியைத் திருப்பிப் பாருங்கள்: கைத்தறி என்றால் கசவுக் கரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், பின்பக்கம் நூல் தொங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாடு? (அருமனை)

சைவம் என்றால் கிழக்கே கோட்டையைச் சுற்றி ஓட்டல்கள் நிறைய. சத்யை என்கிற இலைச் சாப்பாட்டில் போளியும் பால்பாயசமும் வரும், நம் நாஞ்சில் நாட்டுப் பந்திக்குப் புதுசல்ல. பிள்ளைகள் இருந்தால் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள். தரையே சுற்றிச் சுற்றி மேலேறும், மேஜைகள் சரிவோடு சேர்த்துக் கட்டியவை. மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், முகம் சுளிக்காதீர்கள்.

நவராத்திரிக்குப் போகலாமா? (சுசீந்திரம்)

உங்கள் ஊர் முன்னுதித்த நங்கையம்மனே போகிறாள், நீங்கள் போகாமலா? வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்பட்டு களியக்காவிளையில் கேரளப் போலீஸின் மரியாதையை ஏற்றுக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் நெடுஞ்சாலையில் வண்டி நகராது, ரயிலில் போங்கள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் மாலைக் கச்சேரி. பகலில் கோயிலும் மாளிகையும் போதும், மியூசியத்தை விட்டுவிட்டுக் கச்சேரிக்கு நேரத்தோடு போய் இடம் பிடியுங்கள். அங்கேயும் ஆண்களுக்கு வேட்டிதான்.