இன்ஜினில் கிடக்கும் பணம்

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 20 வயது. சிஸ்டரிடம் கீபோர்டு கற்றுக்கொண்டு, கோயிலில் பாடற்குழுவுக்கு வாசிக்கிறாள். கிளாரா ஷூமான் என்ற பியானோ கலைஞரின் கதையைப் படித்ததிலிருந்து எப்போதும் அந்தப் பேச்சுதான். சென்னைக்குப் போய் பியானோ படிக்க வேண்டுமாம். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. பியானோவை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா? அவள் மனத்தை எப்படி மாற்றுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் பியானோவைத் திட்டியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு விவரத்துக்கு நடுவே, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "கல்யாணப் பூசைக்கு வாசித்த காசும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காசும் எண்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு இன்ஜின் வேலைக்கு அதை எடுத்துக்கொண்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை."

கேட்டீர்களா சகோதரி? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டா எடுத்தீர்கள்? கேட்காத கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? "பொம்பளைப் பிள்ளை காசுதானே, நகையாப் போட்டுடலாம்" என்று அவள் அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். நகை வேண்டும் என்று அவள் கேட்டாளா?

ஜூன் 14-உடன் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய்விட்டது. அந்த ஜூனிலிருந்துதான் வீட்டில் கீபோர்டைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாள், கோயிலில் மட்டும் வாசிக்கிறாள் என்கிறீர்கள். இரண்டையும் எழுதியவர் நீங்கள்தான். பிறகு ஏன் பழியை 1896-இல் காலமான ஒரு ஜெர்மன் பெண்மணி மேல் போடுகிறீர்கள்?

அந்தக் கதையை நீங்களும் படியுங்கள். கிளாரா 1819-இல் லைப்சிக் நகரில் பிறந்தவர். அப்பா ஃப்ரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். 9 வயதிலேயே மகளை மேடையேற்றினார், ஊர் ஊராக அழைத்துப் போனார், மகளின் டைரியைக்கூட அவரே எழுதினார். கச்சேரிப் பணமும் அவர் கையில்தான். 1838-இல் வியன்னா அரசவை அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தது. அடுத்த வருஷம், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவர் உறுதியாக நின்றபோது, அப்பா போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள்: அதுவரை சம்பாதித்ததைத் தம்பிகளுக்கு விட்டுவிட வேண்டும், தன் பியானோவும் சாமான்களும் வேண்டுமானால் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கு நீதிமன்றம் வரை போய், 1840-இல் 21-ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள்தான் கல்யாணம் நடந்தது. உங்கள் மகள் எந்தப் பக்கம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு யோசித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மீதியையும் அவள் படிக்கட்டும். 1854-இல் கிளாராவின் கணவருக்கு மனநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். கையில் ஏழு பிள்ளைகள். மேடையில் வாசித்த காசில்தான் அந்தக் குடும்பத்தைக் கிளாரா கரையேற்றினார். 1878 முதல் ஃபிராங்க்பர்ட்டில் பாடமும் நடத்தினார். பிற்காலத்தில் ஒரு மகன் நொடிந்துபோனபோது பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்.

பெண்ணின் சம்பாத்தியம் வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 61 நாள் படகு கரையில் நின்றால் வீடு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். முடை வந்தால் மகளும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் கொடுக்கவில்லை, நீங்கள் எடுத்தீர்கள். இதே பணத்தை மைத்துனரிடம் வாங்கியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பீர்கள், பங்கு பேசியிருப்பீர்கள். டீசல், ஐஸ் செலவு போக மீதியில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அந்த இன்ஜினில் அவள் பணம் ஓடுகிறது. அப்படியானால் படகுப் பங்கில் அவளுக்கும் பாத்தியதை உண்டு. எண்பதாயிரம் அடையும் வரை ஒவ்வொரு முறை படகு கரைக்கு வந்ததும் அவள் கையில் காசு வரவேண்டும். அதை அவள் தம்பியே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

சரி, பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். இந்த வயதில் தொடங்கி உலக மேடைக்குப் போவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாடம் சொல்லிக்கொடுத்து, பாடகர்களுக்கு வாசித்து மரியாதையாகப் பிழைக்கலாம். அதில் பாதியை அவள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் கீபோர்டு வேறு, பியானோ வேறு. அவள் எதில் எத்தனை கிரேடு முடித்திருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை உங்கள் கடிதத்தில். மாப்பிள்ளை வீட்டுப் பவுன் கணக்கு மட்டும் இருக்கிறது. கோயிலில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்கிறீர்கள். பியானோவுக்கு 88 கட்டை, ஒவ்வொன்றும் விரலுக்குக் கனம் காட்டும். பழகாத விரல் சில மாதம் திணறும். பழைய மரப் பியானோ மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துவிடும். கனம் காட்டும் கட்டைகளோடு டிஜிட்டல் பியானோ இருக்கிறது. எண்பதாயிரத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும். அவள் எதற்காகச் சேர்த்தாள் என்று இப்போது தெரிகிறதா?

மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். கடனை அடைப்பதற்குப் பதிலாகக் கல்யாணம் செய்து அனுப்பிவிடுவதை நான் ஒப்பமாட்டேன். முதலில் நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து, கேட்காமல் எடுத்தது தப்பு என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் சென்னையில் எங்கே படிப்பு, எவ்வளவு கட்டணம், தங்குவது எங்கே என்று அவளையே விசாரித்து எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாளை அவள் அப்பா முழுதாகப் படித்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.