வட்டம் வேறு, வட்டாரம் வேறு

கேள்வி: பி.ஏ. அரசியல் அறிவியல் முதலாம் ஆண்டு, தமிழ் வழியில் படிக்கிறேன். மாநில அரசு, உள்ளாட்சி பற்றிய தாளில் இன்டெர்னல் மார்க் 25-க்கு 9 தான் வந்திருக்கிறது. தாசில்தார், பி.டி.ஓ., சேர்மன், தலைவர் என்று யாருக்குக் கீழே யார் என்பதே குழம்புகிறது. சட்டப் பிரிவு எண்களும் நினைவில் நிற்பதில்லை. கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ‘நிச்சய பாஸ்’ நோட்ஸ் 300 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

தனித்தனியாக நிற்கும் இரண்டு ஏணிகளை நீங்கள் ஒரே ஏணி என்று நினைத்துக்கொண்டு ஏறப் பார்க்கிறீர்கள். முதல் ஏணி வருவாய்த் துறையுடையது. மேலே மாவட்ட ஆட்சியர், அவருக்குக் கீழே கோட்டாட்சியர், வட்டாட்சியர் (தாசில்தார் இவர்தான்), வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இந்த ஏணியில்தான் ஏறி இறங்கும். இதில் ஓட்டு வாங்கி வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

இரண்டாவது ஏணி கிராமப்புற உள்ளாட்சியுடையது. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வீட்டு வரி என்றால் இந்தப் பக்கம் வர வேண்டும். பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் இந்த ஏணியில் இருக்கும் அரசு ஊழியர். வட்டம் என்றால் தாலுகா, வட்டாரம் என்றால் ஒன்றியம். இந்த ஒரு எழுத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ‘தாசில்தாருக்குக் கீழே பி.டி.ஓ.’ என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது.

இரண்டு ஏணியும் ஆட்சியரிடம் போய்ச் சேரும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அவரை ஊராட்சிகளின் ஆய்வாளராகவும் வைத்திருக்கிறது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையை, தேர்தலில் நிற்காத ஆட்சியர் 205-ஆம் பிரிவின் கீழ் எடுக்கலாம். இதற்குப் பெயர் தன்னாட்சியாம்! சரி, தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

யாரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கிராமத்தில் உள்ளாட்சித் தேர்தல் அன்று ஒருவர் கையில் நான்கு வாக்குச் சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒன்றிய சேர்மனுக்கும் மாவட்ட ஊராட்சித் தலைவருக்கும் சீட்டே கிடையாது. அவர்களைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். மேயர், நகராட்சித் தலைவர் கதையும் அதேதான். கட்சிச் சின்னம் பச்சையிலும் மஞ்சளிலும் மட்டும் வரும். இந்த நான்கு நிறத்தை நினைவில் வைத்தால் ஒரு பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்: பேரூராட்சி. ஆங்கிலத்தில் அதற்கு ‘டவுன் பஞ்சாயத்து’ என்று பெயர். பஞ்சாயத்து என்ற சொல்லைப் பார்த்ததும், கிராமப்புற உள்ளாட்சிக்கான அரசியலமைப்பின் 73-வது திருத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். கூடாது. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி, மாநகராட்சி, நகராட்சியோடு 74-வது திருத்தத்தில் வரும். கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊருக்கான அமைப்பு அது. அங்கே கிராம சபை கிடையாது, ஒன்றியக் கவுன்சிலர் கிடையாது. தலைவரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, 2004-இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றி, 2006-இல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கினார்கள். அந்த இரண்டு வருடத்தில் அச்சான புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், நீங்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி அந்த 300 ரூபாய் நோட்ஸ். இப்படி ஒன்றை மாணவி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அட்டை புதுசு, உள்ளே சரக்கு பழசு. சட்டமன்றத்தில் 235 உறுப்பினர்கள் என்று போட்டிருந்தது. 234 பேர்தான். ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர் ஏற்பாடு 2020 ஜனவரியோடு முடிந்துபோனது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று இருந்தது. அரசியலமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் அது, தமிழ்நாட்டில் 2016 திருத்தத்திலிருந்து பாதி இடம். கிராம சபை வருடத்துக்கு நான்கு என்று இருந்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து இப்போது ஆறு. நகராட்சிகளுக்கு 1920-ஆம் வருடச் சட்டம் என்று எழுதியிருந்தது. 1998-இல் இயற்றி, 2000-இல் நிறுத்திவைத்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல்தான் மறுபடியும் நடைமுறைக்கு வந்தது என்பதால், இந்தத் தவறில் மட்டும் நோட்ஸ்காரரைப் பாதிதான் திட்ட முடியும். சட்டம் போட்டு இருபது வருடத்துக்கு மேல் பெட்டியில் வைத்தது அவரில்லையே.

‘இந்த 20 கேள்வி வந்தே தீரும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எப்.பும் இதே வகைதான். அசைன்மென்ட் எழுதித் தருகிறேன் என்று வருபவரிடமும் ஜாக்கிரதை. ஒரே கட்டுரையை ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்கு விற்றிருப்பார்.

அரசியலமைப்பின் பிரிவு எண்களில் முதல் தேர்வுக்கு ஐந்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 40 ஊராட்சிகள் அமைக்கச் சொல்லும் வழிகாட்டு நெறி, 243-இ ஐந்தாண்டுப் பதவிக்காலம், 243-ஜி அதிகாரங்கள், 243-ஐ மாநில நிதி ஆணையம், 243-கே மாநிலத் தேர்தல் ஆணையம். பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள், பன்னிரண்டாவதில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18. உத்திரமேரூர் குடவோலை முறையை ஒரு பத்தியில் முடியுங்கள். கேள்வி 243-ஜி பற்றியிருக்க, சோழர் காலத்திலேயே மூன்று பக்கம் நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

இந்த வாரம் ஒரு நாள் உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வீட்டு வரி ரசீது ஒன்றை எடுத்து, யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சிச் செயலரிடம் பேசுங்கள், கிராம நிர்வாக அலுவலர் வேறு ஆள் என்பது அங்கேயே விளங்கிவிடும். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் திகைக்க வேண்டாம். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்கிறது 243-இ. இங்கே 2016-இல் முடிந்ததற்கு 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது, அந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர்கள் (தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் அதிகாரிகள்) வந்து உட்கார்ந்தார்கள். ‘உள்ளாட்சிகள் எதிர்கொள்ளும் சிக்கல்கள்’ என்ற கேள்விக்கு இதை எழுதுங்கள், எந்த நோட்ஸிலும் இருக்காது.