எட்டு ஆண்டு எஸ்யூவியா, ஐந்து ஆண்டு எஸ்யூவியா: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள டீசல் எஸ்யூவி ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியுள்ளேன். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவது எட்டு ஆண்டுப் பழையது, 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது, சர்வீஸ் பில்கள் அனைத்தும் உள்ளன. இரண்டாவது ஐந்து ஆண்டுப் பழையது. நகரத்துக்குள் 35,000 கி.மீ. மட்டுமே ஓடியதாகச் சொல்கிறார்கள், பில்கள் இல்லை. எது நம்பகமானது? நேரில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: அந்த மாடலுக்குச் சந்தையில் உள்ள நற்பெயர் இரண்டு வண்டிகளுக்கும் பொதுவானது என்பதால், அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ஓடிய தூரமும் தனியாக நின்று பெரிதாக எதையும் சொல்லிவிடாது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட டீசல் எஞ்சினைவிட, தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி, சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட எஞ்சின் மோசமான நிலையில் இருப்பது உண்டு. குறிப்பாக, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டிகளில், அந்தக் கரி எரிந்து தீர்வதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் தேவை. அது கிடைக்காதபோது வடிகட்டி அடைத்துக்கொள்வதோடு, கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலுடன் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே இரண்டாவது வண்டியின் ஆயில் அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் குறியையும் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால், குறைந்த கிலோமீட்டர் என்ற பெருமைக்குப் பொருளில்லை. ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் விரைவிலேயே கறுத்துவிடும்.

அடுத்ததாக, அந்த 35,000 கி.மீ. உண்மைதானா என்பதைச் சோதிக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியில் முதலில் வந்த டயர்களே இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். வண்டியின் ஆண்டுக்கு வெகு பின்னர் தயாரான டயர்கள் நான்கும் மாட்டியிருந்தால், பழையவை எப்போது, ஏன் மாற்றப்பட்டன என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு ஆகியவற்றின் தேய்மானமும் ஓடோமீட்டர் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் வண்டியில் இந்த வேலை எளிது: பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, கிலோமீட்டர் சீராக ஏறியிருக்கிறதா, சேசிஸ் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வால்வுகளின் இயக்கத்தைப் பிஸ்டனோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது மாற்றப்பட்டதற்கான பில்லைத் தனியே தேடுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டனும் மோதிச் சேதமடையும்.

நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே நல்லது. ஸ்டார்ட் ஆகும் சிரமமும் தொடக்கப் புகையும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் இனிப்பு வாடையுடன் வந்தால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எஞ்சினுக்குள் கசிவதாகக் கொள்ளலாம். ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் பசை படிந்திருப்பது குறைதூர ஓட்டத்தால் வந்த ஈரமாகவும் இருக்கலாம். அளவுக்கம்பியிலும் அதே நிறம் தெரிந்தால், ஆயிலில் கூலன்ட் கலந்திருப்பதாகவே கொள்ள வேண்டும்.

எஸ்யூவிக்கே உரிய செலவுகள் பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் ஒளிந்திருக்கும். விற்பவர்கள் கழுவித் துடைப்பதோ மேற்பகுதியை. ஆகவே லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சேசிஸ் சட்டத்தில் துரு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் பிற்காலத்து வெல்டிங், டிஃபரன்ஷியலிலும் (இடவலச் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிரும் பல்சக்கரப் பெட்டி) டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் பெட்டி) ஆயில் கசிவு, அடித்தகட்டில் பாறை உரசிய தழும்பு ஆகியவற்றைத் தேடுங்கள். அண்மையில் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு, எனக்குத் துருவைவிட அதிக ஐயத்தைத் தரும். இழுவைக் கொக்கி பொருத்திய அடையாளம் இருந்தால், கியர்பாக்ஸும் கிளட்சும் கூடுதல் சுமை தாங்கியிருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தை ஓட்டித்தான் சோதிக்க முடியும். தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகை என்றால், மண் தரையில் இணைத்து, லோ கியர் (குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும் நிலை) வரை போட்டுப் பார்க்க வேண்டும். அவ்வகை வண்டி, இணைத்த நிலையில் உலர்ந்த தார்ச்சாலையில் முழுத் திருப்பத்தில் இறுகித் தடுமாறுவது இயல்பு. அப்படி ஓட்டிப் பார்க்கவும் கூடாது. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையில் அதே இறுக்கம் தெரிந்தால் அது கோளாறு. அவ்வகையில் நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது அவசியம். திருப்பத்தில் 'டக் டக்' என்ற சத்தம் ஆக்ஸிலின் சிவி ஜாயின்டையும் (சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு), ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது எழும் தட்டல் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் (டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு) சுட்டும்.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மெக்கானிக் ஒருவர் இணைக்கும்போது, பிழைக் குறியீடு இல்லை என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் வண்டி ஓடிய தூரத்தைப் பல ஸ்கேனர்கள் காட்டும். அது சில பத்துக் கிலோமீட்டர் என்றால், நீங்கள் பார்க்க வருவதற்காகவே எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கக்கூடும். டிபிஎஃப்பில் சேர்ந்துள்ள கரியின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சோதனைகளில் பெரிய குறை தென்படாவிட்டால் நான் முதல் வண்டியையே பரிந்துரைப்பேன். இரண்டாவதை எடுப்பதானால், விற்பவர் சர்வீஸ் செய்த இடத்திலிருந்து சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பதிவுகளைப் பெற்றுத் தர வேண்டும். அதற்கு அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றின் ஆயில்களையும் கூலன்ட்டையும் உடனே மாற்றுவதற்கான தொகையை, பேரம் பேசும்போதே விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.