புலமைப்பரிசில் பெறுபேற்றைப் பார்த்துத் திருகோணமலையில் பள்ளிக்கூடம் தெரிவு செய்யலாமா?

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வருகிறீர்கள், மகள் அடுத்த வருடம் தரம் 3, அலஸ்தோட்டத்தில் வீடு பார்த்தாயிற்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேற்றை வைத்துப் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெறுபேற்றைப் பாருங்கள், தப்பில்லை. பள்ளிக்கூட வாசலில் கட்டியிருக்கும் பேனரை மட்டும் நம்பாதீர்கள்.

நான் இந்த மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. டவுனிலும் படிப்பித்திருக்கிறேன், மூதூர்ப் பக்கமும் படிப்பித்திருக்கிறேன். பெறுபேறு வந்த இரவே பேனருக்கு ஓடர் போய்விடும். பிள்ளைகளின் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் புள்ளி, கீழே அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் வாழ்த்து. எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. 22 பேர் சித்தி என்றால் நாற்பது பேரில் 22ஆ, நூற்றி நாற்பது பேரில் 22ஆ? முதலில் இதைக் கேளுங்கள்.

இந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்போது கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு 1940களில் வந்தது இது. வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். இப்போது வருடா வருடம் 3 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட சித்திக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. மிச்சப் பேரைத் தோற்றவர்கள் என்று ஊர் சொல்லும். 200க்கு 140 எடுத்துவிட்டு அழுகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அதைவிட மோசமாக அழுகிற அம்மாவையும்.

வெட்டுப்புள்ளியிலும் இரண்டு விதம் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உதவிப் பணத்துக்கானது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். அதைத் தாண்டினாலும் குடும்ப வருமானம் குறைவாக இருந்தால்தான் பணம். தரம் 6இல் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போக அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று தனி வெட்டுப்புள்ளி. உங்கள் மகள் இப்போது சேரும் இடத்திலேயே உயர்தரம் வரை வகுப்பு இருந்தால் இந்தப் பரீட்சையின் பாரம் பாதி குறைந்துவிடும். தரம் 5உடன் முடிகிற ஆரம்பப் பாடசாலையென்றால் கணக்கு வேறு.

சரி, பெறுபேற்றில் எதைப் பார்ப்பது? சித்தி எண்ணிக்கையை விட, 200க்கு 70க்கு மேல் எடுத்தவர்களின் வீதத்தைக் கேளுங்கள். கல்வி வலயக் கூட்டங்களில் அதிபர்களைத் துளைத்தெடுப்பது அந்த வீதத்தைப் பற்றித்தான். ஏனென்றால் சித்தியடைந்த பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டாலும் டியூஷனாலும் தள்ளிவிடப்பட்டவர்கள். 70க்குக் கீழே நிற்கிற பிள்ளையை மேலே ஏற்றுவதுதான் வகுப்பறையின் வேலை. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். மூதூர்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒன்பது பேர்தான் எழுதுவார்கள். இரண்டு பேர் சித்தியென்றால் 22 வீதம், அடுத்த வருடம் ஒருவரும் இல்லையென்றால் பூச்சியம். அதே ஆசிரியர், அதே கரும்பலகை. முதல் வருடம் பொன்னாடை, அடுத்த வருடம் விளக்கம் கேட்டுக் கடிதம்!

டவுன் பள்ளிக்கூடங்களில் சிக்கல் வேறு மாதிரி. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியில் ஏறி, பின் சீற்றிலேயே பணிஸைக் கடித்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள்தான் அந்தப் பேனரில் சிரிப்பவர்கள். அந்தப் புள்ளியில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, டியூஷன் சேரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, அதிபராலும் முடியாது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாம் தடை என்று பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இப்படி ஓர் அறிவித்தல் தேவைப்படுகிறது, பாருங்கள்.

பகுதி ஒன்று நுண்ணறிவு, 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். எண் கோலம், உருவத் தொடர், இந்த மாதிரி. திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும். பகுதி இரண்டு அப்படியில்லை. 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம், தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாம் கலந்து வரும். கணிதக் கேள்விகூட மூன்று வரி வசனமாக வரும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். உருவத் தொடரில் அடுத்தது எது என்று நான் கேட்டு முடிக்குமுன் விரலை வைத்துவிடுவான். "ஒரு வியாபாரி 15 தேங்காய்களை" என்று தொடங்கும் கணக்கில் "வி...யா...பா..." என்று எழுத்துக்கூட்டி, 'தேங்காய்'க்கு வருவதற்குள் வியாபாரியை மறந்துவிடுவான். அவனுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. நான் வாசித்துச் சொன்னால் மனக்கணக்காகவே விடை வந்துவிடும். அதற்குத் தரம் 5இல் பேப்பர் பேப்பராகச் செய்வித்துப் பயனில்லை. தரம் 2இலேயே கவனித்திருக்க வேண்டிய விஷயம்.

அதனால் பள்ளிக்கூடம் பார்க்கப் போகும்போது தரம் 5 வகுப்பைக் காட்டச் சொல்லாதீர்கள், அது எங்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தரம் 3 ரீச்சரோடு ஐந்து நிமிடம் கதையுங்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, எல்லாப் பிள்ளையும் அடைந்தே ஆக வேண்டியவை. அந்தப் பதிவை எடுத்துப் பெயர் பெயராகச் சொல்லக்கூடிய ரீச்சர் கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். "எங்கட ஸ்கூலில அப்படி ஒருத்தரும் இல்லை" என்று பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

அப்புறம், இடையில் சேர்ப்பதற்கு வகுப்பில் இடம் இருக்க வேண்டும். டவுனில் அது லேசில் கிடைக்காது. மாற்றல் கடிதம் கைக்கு வந்தவுடனேயே அதிபரைப் போய்ப் பாருங்கள், தவணை தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். அலஸ்தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக நிலாவெளி வீதி பஸ் இருக்கிறது. ஆனால் நடந்து போகும் தூரத்தில் வாசிப்பில் அக்கறையுள்ள சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று அகப்பட்டால், தரம் 5 வரைக்கும் நானென்றால் அங்கேதான் விடுவேன்.