படிகாரம் போட்டும் கிணற்று நீர் தெளியாதது ஏன்?

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் கிணற்று நீர் கலங்கலாகவே இருக்கிறது. படிகாரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் பயனில்லை. சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் அந்நீரில் இரு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்ச, நீர் பழுப்பாகிவிட்டது; அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரோ (சவ்வு வழியே உப்பு நீக்கிய நீர்) நிறம் மாறவில்லை. இவ்வளவு அழுக்கையா குடிக்கிறோம்?

பதில்: அந்தப் பழுப்பு உங்கள் கிணற்றுக்குரியதன்று. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து உண்டாக்கும் துருவே அது. விற்பவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நீரும் நிறம் மாறாது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இப்படி வீடு வீடாகச் சென்று அச்சத்தை விற்பவர்களைத் தடுக்க ஒருவரும் இல்லை. ஆய்வகத்துக்குப் போனாலோ எண்களை அடுக்கிய ஒரு தாள் கிடைக்கிறதே தவிர, அடுத்து என்ன செய்வதென்று சொல்வாரில்லை.

கலங்கலுக்குக் காரணம் களிமண்ணின் நுண்துகள்கள். அவை எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கி, நாள்கணக்கில் படியாமல் மிதக்கும். படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த மின்னேற்றத்தைத் தணிப்பதால் துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் படிகின்றன. அளவு மிஞ்சினால் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மீண்டும் விலகும்; நீங்கள் கூட்டிப் போட்டும் பயனில்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களில் கலங்கல் நீரை நிரப்பி, அக்கரைசலைச் சிரிஞ்சால் 2, 4, 6, 8 மில்லி எனச் சேருங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு கால் மணி நேரம் மிக மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தக் குறைந்த அளவில் தெளிகிறதோ அதுவே உங்களுக்குரியது. 4 மில்லி என்றால் 1,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். கிணற்றுக்குள் கொட்டாதீர்கள்.

நான்குமே தெளியாவிட்டால், மழைநீர் மிகுதியாகச் சேர்ந்த கிணறா என்று பாருங்கள். அலுமினியம் கூழ்போலத் திரள்வதற்கு நீரில் பைகார்பனேட் உப்புகள் வேண்டும். மழைநீரில் அவை அரிது. அவை இல்லாவிடில் நீர் புளித்தன்மை அடைந்து, அலுமினியம் திரளாமல் நீரிலேயே கரைந்து தங்கிவிடும். குடிநீரில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அத்தகைய நீரில் முதலில் சிறிது தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்த்து, அதன் பிறகே படிகாரத்தைச் சேர்க்க வேண்டும்; படிகாரம் கலந்த பின் சோதனைத் தாளில் பி.எச். (நீரின் புளித்தன்மையைக் காட்டும் எண்) 6.5 முதல் 7.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிகாரம் உவர்ப்பையும் நீக்காது, கிருமிகளையும் முழுமையாக நீக்காது. வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து, நன்கு கொதிக்கவைத்த பின்பே குடியுங்கள்.