பாட்டுப் பிளேயர், ஹெட்ஃபோன், மெமரி கார்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. ஸ்மார்ட்ஃபோன் அவருக்குப் பிடிபடவில்லை. கச்சேரிகள், பழைய பாட்டுகள், உபன்யாசங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்க எப்படிப்பட்ட பிளேயர் வாங்கலாம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தொடுதிரை வேண்டாம், பட்டன் வைத்த பிளேயர்தான் அவருக்குச் சரி. பையிலிருந்து எடுக்காமலே விரலால் தடவிப் பார்த்து நிறுத்தவும், சத்தத்தைக் குறைக்கவும் முடிய வேண்டும். பட்டன்களைப் பூட்டி வைக்கும் வசதியும் அவசியம். இல்லாவிட்டால் குனிந்து நிமிரும்போதெல்லாம் பாட்டு மாறிக்கொண்டிருக்கும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எல்லா எண்களையும்விட முக்கியம், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. ஒன்றரை மணி நேர உபன்யாசத்தை ஐம்பதாவது நிமிடத்தில் அணைத்துவிட்டு மறுநாள் போட்டால், மலிவான பிளேயர்கள் பலவும் அதை முதலிலிருந்து தொடங்கும். சில, முதல் ஃபோல்டரின் முதல் பாட்டுக்கே போய்விடும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள்: உங்கள் மெமரி கார்டைப் போட்டு, ஒரு நீளமான கோப்பைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி, முழுதாக அணைத்து, மீண்டும் போடுங்கள். அதே இடத்தில் பேச்சு தொடர்ந்தால் வாங்கலாம். கூடவே, ஃபோல்டர் வாரியாகக் காட்டுகிறதா, மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா, யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து மட்டும் கேட்பார் என்றால் 2017இல் வந்த, பழைய பாட்டுகள் ஏற்றியே விற்கும் சரிகம கார்வான் வகை நல்ல துணை. அதன் சொந்த நினைவகத்தில் நாம் புதிதாகப் பாட்டு ஏற்ற முடியாது, ஆனால் பென்டிரைவைச் செருகிக் கேட்கலாம். பையில் அடங்காது என்பதுதான் குறை. சோனியின் என்டபிள்யூ-ஏ306 போன்ற ஆண்ட்ராய்டு வாக்மேன்களின் ஒலி அருமை, ஆனால் அதுவும் தொடுதிரைதான். பழைய ஐபாட் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் போக வேண்டாம். 2001இல் தொடங்கிய அந்த வரிசையை ஆப்பிள் 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. கைமாறி வரும் ஐபாட்டில் பேட்டரி தளர்ந்திருக்கும், கார்டு போட இடமில்லை, பென்டிரைவ்போலப் பாட்டை நேரே காப்பி செய்து கேட்கவும் முடியாது.

கேள்வி: என்னிடம் 2,000 பாட்டுகள் உள்ளன. 32 ஜிபி கார்டு போதுமா? எம்பி3 பாட்டுகளை ஃபிளாக் ஆக மாற்றினால் தரம் கூடுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிந்த ஒலி விவரம் போனது போனதுதான். ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கும் முறை, போனதை மீட்கும் முறை அல்ல. எம்பி3யை அப்படி மாற்றினால் இடம்தான் வீணாகும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) பாட்டை 320 ஆக்குவது அதைவிட மோசம். கோப்பு இரண்டரை மடங்கு பெருப்பதோடு, மறுபடி சுருக்குவதால் இருக்கும் தரமும் கொஞ்சம் கெடும்.

இட அளவை நிமிடக் கணக்கில் போடுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3க்கு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. 320க்கு 2.4 எம்பி. சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக்குக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 எம்பி. பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்றால் 2,000 பாட்டுக்கு 9,000 நிமிடம். அதாவது முறையே 9 ஜிபி, 22 ஜிபி, 45 முதல் 63 ஜிபி. 32 ஜிபி கார்டு கணினியில் 29.8 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். ஆக, உங்கள் பாட்டுகள் எம்பி3 ஆக இருந்தால் 32 போதும். சிடிகளை ஃபிளாக்கில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் 128 வாங்குங்கள்.

வாங்கும் முன், பிளேயர் எந்த அளவு கார்டு வரை ஏற்கும் என்று பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பழைய பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டும்தான் படிக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாவிட்டால், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் செய்துகொள்ளலாம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். வேகம் கூடிய கார்டுக்கு அதிகப் பணம் தர வேண்டாம். பாட்டு ஓட விநாடிக்கு ஒரு எம்பி வேகமே ஏராளம்.

போலிக் கார்டுதான் பெரிய தொல்லை. மேலே 128 என்று அச்சடித்து, உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும். காப்பி செய்யும்போது ஒரு பிழையும் காட்டாது. எட்டு ஜிபியைத் தாண்டிய பிறகு ஏற்றியவை பெயரளவில் தெரியும், ஓடாது. அதனால் பாட்டு ஏற்றும் முன்பே, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். நல்ல கார்டும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். ஆகவே கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்கில் இன்னொன்று இருக்கட்டும்.

கேள்வி: கார்டில் பாட்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ராகம் தானம் பல்லவியின் நடுவே அரை நொடி அறுந்து அறுந்து வருகிறது. பிளேயர் பழுதா? (வாசகர், திருச்சி)

பதில்: பழுதில்லை, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

எளிய பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டின் கோப்புப் பட்டியலில் எது முன்னால் பதிவாகியிருக்கிறதோ அதை முதலில் ஓட்டும். விண்டோஸில் இருபது பாட்டைத் தேர்ந்தெடுத்து ஏழாவதைப் பிடித்து இழுத்தால், அந்த ஏழாவதுதான் முதலில் காப்பி ஆகும். பெயர்களுக்கு முன் 01, 02 என்று எண் போட்டு, முதல் கோப்பைப் பிடித்து இழுங்கள். இடையில் ஒரு பாட்டை அழித்தால் அந்தக் காலி இடத்தில் பிறகு வரும் பாட்டு போய் உட்காரும். அதனால் வரிசை குலைந்த கார்டை ஒட்டுப்போட வேண்டாம். கணினியில் பிரதி இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஃபார்மேட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஃபேட்சார்ட் என்ற கருவி அந்த இடத்திலேயே வரிசைப்படுத்தித் தரும்.

கட்டம் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்து வந்தும் 'கொ' சிதறி, கொம்பு தனியே நின்றால் எழுத்துரு உண்டு, எழுத்தைக் கோக்கும் திறன் இல்லை. இரண்டுக்கும் நம்மால் செய்யக்கூடியது ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதுதான். புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தால் அது மூன்றாவது வகை: யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் யாரோ பெயர் அடித்திருக்கிறார்கள். எம்பி3டேக் மென்பொருளில் திறந்து, யூனிகோடில் திருத்தி, ஐடி3வி2.3 யுடிஎஃப்-16 என்ற தேர்வில் சேமியுங்கள். ஒரே ஒரு ஃபோல்டரை மாற்றிப் பிளேயரில் போட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

நடுவே அறுவது எம்பி3யின் இயல்பு. அந்த முறையில் சுருக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் சேர்கிறது. சினிமாப் பாட்டில் தெரியாது. ராகத்திலிருந்து தானத்துக்குப் போகும் இடத்தில் அது கேட்பதையே கெடுத்துவிடும். சிடி கையில் இருந்தால் ஃபிளாக்காக எடுங்கள், ஃபிளாக்கில் இந்த மௌனம் சேராது. அப்படியும் சில பிளேயர்கள் அடுத்த கோப்பைத் திறக்கத் தாமதிக்கும். அவற்றுக்கு முழு ராகம் தானம் பல்லவியையும் ஒரே கோப்பாக எடுத்து வைப்பதுதான் வழி.

கேள்வி: ஒரு இயர்போனில் 100 டெசிபல் என்றும் இன்னொன்றில் 110 டெசிபல் என்றும் போட்டிருக்கிறது. 110தானே சத்தம் அதிகம்? ஆனால் வாங்கியதில் பாஸே இல்லை, மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே மாட்டேன் என்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எண்ணுக்குப் பின்னால் உள்ள அலகைப் பாருங்கள். சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று எழுதுவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு. 32 ஓம் இயர்போனில் ஒரு வோல்ட் என்பது 31 மில்லிவாட். எனவே மில்லிவாட்டுக்கு 100 என்றால் வோல்ட்டுக்கு 115. உங்கள் 110 என்பது வோல்ட்டுக்கான கணக்காகவும், 100 என்பது மில்லிவாட்டுக்கான கணக்காகவும் இருந்தால், 100 போட்டதுதான் அதிகச் சத்தம் தரும். சிறு பிளேயருக்கும் ஃபோனுக்கும் 16 முதல் 32 ஓம், மில்லிவாட்டுக்கு 100 டெசிபலுக்குக் குறையாதது என்று தேடுங்கள். சென்ஹைசர் எச்டி 600 அருமையான ஹெட்ஃபோன், ஆனால் 300 ஓம். ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல்தான். ஒரு வோல்ட் அளவே தரும் சிறு கருவியில் செருகினால், ஆலாபனையின் தாழ்ந்த இடங்கள் போதவே போதாது. தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

பாஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இயர்போன் இல்லை, அதன் ரப்பர் முனை. காதுத் துளையை முழுதாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலி முழுக்க வெளியே கசிந்துவிடும். பாட்டு ஓடும்போது இயர்போனை லேசாக உள்ளே அழுத்துங்கள். சட்டென்று தொப்பி கேட்டால் முனை சிறியது, அல்லது சரியாக உட்காரவில்லை. எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு செருகுங்கள். பெட்டியில் வந்த மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது சகஜம். எதுவும் ஒத்துவராவிட்டால் ஃபோம் முனை வாங்குங்கள். இதைச் செய்யாமல் இன்னொரு இயர்போனுக்குப் பணம் போடுவது வீண். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் வலையில் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். சாலையில் நடப்பவர்கள் மட்டும் இப்படி அடைக்கும் வகையைத் தவிர்ப்பது நல்லது, ஹாரன் கேட்க வேண்டும்.

கேள்வி: ஃபோனில் 3.5 மிமீ துளை இல்லை. வாங்கிய யுஎஸ்பி-சி மாற்றி தம்பி ஃபோனில் வேலை செய்கிறது, என் ஃபோனில் இல்லை. (வாசகி, சேலம்)

பதில்: மாற்றிகள் இரண்டு வகை. ஒன்றில் வெறும் கம்பிதான். ஃபோனே ஒலியை மின்னலையாக்கி அந்தத் துளை வழியே அனுப்ப வேண்டும். எல்லா ஃபோனும் அனுப்பாது. மற்றதில் அந்த வேலையைச் செய்யும் டாக் என்ற சில்லு உள்ளேயே இருக்கும். டாக் உள்ளது என்று தெளிவாகச் சொல்லி விற்பதை வாங்குங்கள். அதற்கும் சத்தம் வராவிட்டால் ஃபோன் செட்டிங்கில் ஓடிஜி (வெளிக் கருவிகளை இணைக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மாற்றி நல்ல பொருள்தான், ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சத்தம் குறைவாகவே தரும்.

இசை மட்டும் கேட்டு, பாடுபவர் குரல் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பிளக் முழுதாக உள்ளே போகவில்லை; பொதுக் கம்பி தொடாததால், இரு பக்கமும் சமமாக உள்ள குரல் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. ஃபோன் உறையைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள்.

கேள்வி: எல்டாக் உள்ள புளூடூத் ஹெட்ஃபோன் ஐஃபோனுக்கு வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: எல்டாக் என்பது புளூடூத்தில் கூடுதல் தரத்தோடு ஒலியை அனுப்பும் ஒரு முறை. அதற்காக என்றால் வேண்டாம். ஐஃபோன் ஏஏசி, எஸ்பிசி என்ற வேறு இரு முறைகளில்தான் அனுப்பும். எல்டாக் ஆண்ட்ராய்டு 8 முதல் உண்டு.

கேள்வி: 80 கேசட்டுகளை மெமரி கார்டுக்கு மாற்ற வேண்டும். லேப்டாப்பில் பதிந்தால் ஒலி கரகரக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை மைக்குக்கானது. ஒரே தடம்தான் பதியும், கேசட் பிளேயரின் பலமான சிக்னலை அது தாங்காமல் கரகரக்கும். லைன்-இன் துளை உள்ள ஸ்டீரியோ யுஎஸ்பி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்குங்கள். பதியும் முன் பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்யுங்கள்: ஹெட்டுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு, ரப்பருக்கு ஈரத் துணி போதும். நெடுநாள் கிடந்த கேசட்டை முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகள் பிரியும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வைத்து, மிகப் பலமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி பதியுங்கள். இரைச்சலை நீக்கும் வேலையை மூலப் பதிவில் செய்யாமல் ஒரு பிரதியில் செய்யுங்கள், இல்லாவிட்டால் தம்புராவும் சேர்ந்து போய்விடும். 60 நிமிடக் கேசட் ஃபிளாக்கில் சுமார் 400 எம்பி வரும். எண்பதுக்கும் 32 ஜிபி வேண்டும், ஆகவே 64 ஜிபி கார்டு.

கேள்வி: மகளுக்கு வயது 11. பாட்டு கேட்க எவ்வளவு சத்தம் வைக்கலாம்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 75க்கு 40 மணி என்றால் 84க்கு ஐந்து மணிதான். குழந்தைகளுக்கென்று விற்கும் பல ஹெட்ஃபோன்களின் உச்ச வரம்பு 85 டெசிபல். எனவே அதைப் போட்டுவிட்டு முழுச் சத்தத்தில் விடக்கூடாது. ஃபோன் அல்லது பிளேயரில் உச்ச சத்தத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்ட வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பள்ளிப் பேருந்தில் கேட்பாள் என்றால் வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போனே மேல். இரைச்சலோடு போட்டிபோட்டுச் சத்தத்தை ஏற்ற வேண்டியிருக்காது.