என்ஸோரின் முகமூடிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்ஸோரை நவீன ஓவியத்தின் முன்னோடி என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அவருடைய 'கிறிஸ்து 1889இல் பிரஸ்ஸல்ஸில் நுழைதல்' ஓவியத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். ஒரே இரைச்சல். முகமூடிகள், கோணல் முகங்கள், அடித்துக்கொள்ளும் நிறங்கள். வரையத் தெரியாதவர் வரைந்ததுபோல இருக்கிறது. இதில் எதைப் பார்க்கவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

இரைச்சல் என்பது சரியான சொல். அந்தப் படம் இரைய வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார்.

வரையத் தெரியாதவரா என்ற ஐயத்துக்கு அவருடைய 'சிப்பி உண்ணும் பெண்' படத்தைப் பாருங்கள். 1882இல், 22 வயதில் வரைந்தது. மேஜைவிரிப்பின் வெண்மையும் கண்ணாடிக் கோப்பைகளில் தங்கி நிற்கும் வெளிச்சமும் போதும், கை எவ்வளவு தேர்ந்தது என்று தெரிய. அந்தத் தேர்ச்சியைத்தான் ஆறே ஆண்டுகளில் தூக்கிப்போட்டார்.

என்ஸோரின் ஊரான ஓஸ்டெண்ட் பெல்ஜியத்தின் கடற்கரை ஊர். அங்கே அவருடைய தாய்வழிக் குடும்பம் கடை வைத்திருந்தது. சங்கு, சிப்பி, சீனப் பொம்மைகள், கார்னிவல் திருவிழா முகமூடிகள் எல்லாம் விற்ற கடை. மேலே மாடியறையில் என்ஸோர் வரைந்தார். முகமூடி அவருக்குக் குறியீடாவதற்கு முன்பே வீட்டுச் சரக்கு. நம்மில் பலரும் அவரைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டு நேராகத் தத்துவத்துக்குப் போய்விடுகிறோம்.

நீங்கள் பார்த்த ஓவியம் ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரம், 4.3 மீட்டர் அகலம். தலைப்பில் 1889 என்றிருந்தாலும் 1888இல் வரைந்தார். தூரிகையின் இரண்டு முனைகளாலும், தட்டைக்கத்தியாலும் வண்ணத்தை அப்பியிருக்கிறார். முன்னால் கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) உடையில் ஒருவர் வாத்தியக் குழுத் தலைவரின் கோலோடு வருகிறார். பின்னால் சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாகக் கூட்டம் பிதுங்குகிறது. யாருடைய ஊர்வலமோ அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை உலுக்குவது அதிலுள்ள வெளிச்சம். ஸ்பானிய ஓவியர் கோயா போன்றவர்கள் பயங்கரத்தை இருட்டில் வைத்தார்கள். என்ஸோர் நடுப்பகலில், மிட்டாய் நிறத்தில் வைத்தார். நிழலில் ஒளிந்துகொள்ள அந்த முகங்களுக்கு வழியே இல்லை. முகமூடி போட்டபிறகுதான் அவர்களுடைய பேராசையும் மந்தத்தனமும் அப்பட்டமாகத் தெரிகின்றன. நிறம் பொருளை வர்ணிப்பதை விட்டுவிட்டு நேரடியாக உணர்ச்சியாக ஆவது இங்கேதான். கண்ணால் காண்பதைவிட உள்ளுணர்ச்சியை வரைய முயன்ற ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கு வழி திறந்தது இப்படித்தான். அவர்களில் ஒருவரான எமில் நோல்டே 1911இல் ஓஸ்டெண்டுக்கே போய் அவரைப் பார்த்தார். அதே ஆண்டு நோல்டேயும் முகமூடிகளை வரைந்தார். பின்னால் வந்த ஓவியர்கள் பால் க்ளேயின் கோடுகளிலும் ஜார்ஜ் கிராஸின் தெருக்கூட்டங்களிலும் எனக்கு என்ஸோர் தெரிகிறார்.

என்ஸோரும் சேர்ந்து தொடங்கிய 'இருபதின்மர்' என்ற கலைஞர் குழுவே இந்தப் படத்தைக் காட்சிக்கு ஏற்கவில்லை. 1929 வரை அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தார். இன்று லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுபடி திறந்து பாருங்கள், கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில். முதலில் கழுதையைத் தேடுங்கள். நடுவில், கொஞ்சம் மேலே, மஞ்சள் ஒளிவட்டத்தோடு சின்னதாக ஓர் உருவம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிறிஸ்துவுக்கு என்ஸோரின் முகம்.